மஞ்சள் ஒற்றைப் பொட்டு

பூவராகவன் எந்தத் துணியையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் பார்த்துவிடுவார். செஞ்சிக் கடைத்தெருவில் அவருடைய ஜவுளிக்கடை பெரியதல்ல. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். ஆனாலும் சிங்கவரம், தொண்டூர்ப் பக்கத்து ஜனங்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அவரிடம்தான் வருவார்கள். 'இது சாயம் போகும், வேண்டாம்' என்று தன் கடைச் சரக்கைப் பார்த்துத் தானே சொல்லக்கூடியவர். முப்பது வருஷத்தில் அவர் சொல்லி எதுவும் தப்பாகிப் போனதாக யாரும் வந்து நின்றதில்லை. அந்தப் பெயரைத் தவிர அவர் பெரிதாகச் சேர்த்தது ஒன்றுமில்லை.

வீடு ஊர் முடிகிற இடத்தில், சிங்கவரம் போகிற சாலையில் இருந்தது. பக்கத்தில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் செல்லப்பனுடைய கழனி. வீட்டில் அவரும் மனைவி ரத்தினம்மாளும் மட்டும். ஒரே மகன் ஜெயராமன், கடையில் உட்கார்ந்து துணி கிழிக்க என்னால் ஆகாது என்று சொல்லி, வேலூருக்குப் போய் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான்.

அறுபத்தொன்றில் அவன் லீவில் வந்தபோது திண்டிவனத்திலிருந்து கடைசி பஸ் பிடித்து நடுராத்திரியில் வந்து சேர்ந்தான். வாசலுக்கு முன்னால் ஓடுகிற வாய்க்கால் இருட்டில் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியோடு உள்ளே விழுந்தான். சத்தம் கேட்டு லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அப்பாவைப் பார்த்து, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

"நைனா, ஊருக்கெல்லாம் கரண்ட் வந்துச்சு. நம்ம வாசலுக்கு ஒரு லைட்டு போட்டா இன்னா?"

அந்த லீவு முழுக்க நொண்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போனான். பிறகு எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி அதுதான்: வாசலில் லைட் போட்டாச்சா? இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, அறுபத்திரண்டு ஐப்பசியில்தான் பூவராகவன் ஆளைக் கூப்பிட்டு ஒயர் இழுத்து, தகரத் தொப்பி வைத்த ஒரு நாற்பது வாட் பல்பு போட்டார். 'போட்டாச்சு' என்று கார்டு எழுதினார். அந்தக் கார்டுக்குப் பதில் வரவில்லை. கார்த்திகையில் தந்தி வந்தது. சீனாக்காரனோடு நடந்த சண்டையில் ஜெயராமனைக் காணவில்லை என்று அதில் இருந்தது.

மறுவருஷம் கைதிகள் திரும்பினார்கள். அவர்களில் அவன் இல்லை. செத்தவர்கள் கணக்கிலும் அவன் இல்லை. கருமம் செய்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் ஜாடையாகச் சொன்னபோது, "காணோம்னுதானே எழுதியிருக்கான்" என்று எழுந்து போனார் பூவராகவன். தந்தி வந்த ராத்திரியிலிருந்து அந்த விளக்கு பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்த பிறகுதான் அணையும். பல்பு போனால் மாற்றுவதற்கு அலமாரியில் இரண்டு பல்பு இருக்கும். கரண்ட் போகிற ராத்திரிகளில் அதே கொக்கியில் லாந்தர் தொங்கும்.

அறுபத்துநாலு தை மாதம், அறுப்பு முடிந்த ஒரு காலையில் செல்லப்பன் வந்தான். கையில் ஒரு பிடி கதிர். எல்லாம் வெளுத்து, நிமிர்ந்து, ஒரு மணி நெல் இல்லாமல் இருந்தன.

"இன்னா செட்டியாரே, உங்க வூட்ல ராத்திரி பூரா கல்யாண வூடு மாதிரி லைட்டு எரியுது. ஊர்ப் பூச்சியெல்லாம் விருந்துக்கு வருது. பந்தி மட்டும் என் கழனியில நடக்குது."

"என்னடா சொல்ற?"

"குருத்துப்பூச்சி. வேலியோரம் பூரா வெள்ளக் கதிரு. அந்தாண்ட கெணத்துப் பக்கம் பாருங்க, நல்லாத்தான் இருக்குது. லைட்டுக்கு வர்ற பூச்சிதான் எறங்குதுன்னு விவசாய டிப்போ ஆளு சொல்றாரு." செல்லப்பன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான். "எதுக்கு எரியுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நானும் புள்ளைங்கள வெச்சிருக்கேன்."

பூவராகவன் கதிரை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். பதர். ஆனால் வாய் வேறு பக்கம் போயிற்று.

"எந்தப் பூச்சி?"

"எந்தப் பூச்சின்னா? பூச்சிதான்."

"துணி குடுன்னு கடைக்கு வந்தா எந்தத் துணின்னு கேக்க மாட்டேனா? இங்க நூறு தினுசு பூச்சி வருது. அதுல உன் நெல்லக் கெடுக்கிறது எதுன்னு காட்டு. காட்டினா அன்னிக்கே அணைக்கிறேன்."

"நான் எங்க போயி பூச்சிய ஜாதி பிரிக்கிறது?"

"அப்ப நான் பிரிக்கிறேன்."

"வாக்கா?"

"வாக்குதான்."

அன்று ராத்திரியே வாசல் சுவரில் நாலு முழம் வெள்ளை மல் துணியை ஆணியடித்துத் தொங்கவிட்டு, எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பூச்சியுமே நெல்லைக் கெடுப்பதில்லை என்று காட்டிவிட்டால் விளக்கை யாரும் கேட்க முடியாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. பழுப்பு, சின்னது, பறக்கிறது. பிறகு, கடையில் இழை எண்ணுவதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குக் கீழே அவருக்குத் தெரிந்த உலகம் ஒன்று விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நெசவு, ஒரு கரை, ஒரு முந்தானை. பூச்சிகளுக்கு யாரும் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்த துணிப் பெயர்களை வைத்தார். முரட்டுப் பழுப்பாக, இறக்கையைக் கூரை மாதிரி மடிப்பது காடா. வெளுத்து, பின்னாலிருக்கும் சுவர் தெரிகிற அளவுக்கு மெலிந்தது மல். கட்டம் போட்டது கைலி. இறக்கை ஓரத்தில் ஒரு மின்னல் கோடு ஓடுவது சரிகை. மில் கம்பெனிகள் அனுப்புகிற பழைய சாம்பிள் அட்டையில் துணித் துண்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செத்த பூச்சிகளைக் கோந்து வைத்து ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் பெயர், வந்த மாதம், மணி.

கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த தனசேகரனுக்கு இது வசதியாகப் போயிற்று. "முதலாளி இப்போ பூச்சிக்கு அளவெடுக்கிறாரு. அடுத்த தீவாளிக்கு அதுங்கதான் நமக்கு வாடிக்கை" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பௌர்ணமியில் பூச்சி குறைவு, மழை விட்ட ராத்திரியில் அதிகம், காடா எட்டு மணிக்குள் வந்துவிடும், சரிகை நடுநிசிக்குப் பிறகுதான் என்றெல்லாம் அவருக்குப் பிடிபட்டது. சித்திரையில் ஒரு ராத்திரி, ஒரு கைலியின் கட்டங்களை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, தான் ரொம்ப நேரமாகச் சாலைப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை என்பது உறைத்தது. கடைசி பஸ் போன சத்தம்கூடக் கேட்கவில்லை. திடுக்கிட்டு எழுந்து வாய்க்கால் வரைக்கும் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

ஆடியில் செல்லப்பன் நாற்றங்கால் விட்டான். தண்ணீர் பாய வசதி என்று வேலியை ஒட்டியே விட்டான். நாற்று ஒரு சாண் எழும்பினபோது புதிதாக ஒன்று விளக்குக்கு வந்தது. வைக்கோல் மஞ்சள். விரல் நகம் அளவு. இரண்டு இறக்கையிலும் நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, பேனாவால் வைத்தது போல. வாலில் ஒரு சின்னக் குஞ்சம். அதற்கு மஞ்சள் ஒற்றைப் பொட்டு என்று எழுதினார். கூடவே அதே அளவில் மங்கலான பழுப்பு ஒன்றும் வந்தது. நிறம் வேறு என்பதால் சரக்கும் வேறு என்று, அதை அட்டையில் வேறு பக்கத்தில் ஒட்டினார்.

நாற்றோடு சேர்ந்து வந்ததால் மஞ்சள் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு கொட்டாங்குச்சியில் சேறு போட்டு, செல்லப்பனிடமே நாலு நாற்று கேட்டு வாங்கி நட்டார். உடைந்துபோன லாந்தரின் கண்ணாடியை அதன்மேல் கவிழ்த்து, ஒரு மஞ்சள் பொட்டை உள்ளே விட்டு, மேல் வாயை மல் துணியால் கட்டினார். ராத்திரியும் பகலும் பார்த்தார். இலையில் ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை. நாலாம் நாள் பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடிக்கிற வாய் என்று ஒன்று அதற்கு இல்லவே இல்லை. ஜவுளிக்காரருக்குத் துணியில் ஓட்டை விழுந்தால் பறக்கிற அந்துப்பூச்சிதான் குற்றவாளி. அதை நசுக்கி, பீரோவில் ரசகற்பூரம் போடுவார். தின்கிறது எதுவோ அதுதான் கெடுக்கிறது. முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த செல்லப்பனைக் கடைக்குக் கூப்பிட்டார். கடைவாசலில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"பாரு செல்லப்பா. நாலு நாள் பட்டினி போட்டேன். உன் நாத்து மேலயே உக்காந்திருந்துச்சு. ஒரு இலைய தொடல. வாயே இல்ல இதுக்கு. வாயில்லாதது எதைத் தின்னும்?"

"வாயே இல்லியா? அப்ப இது மாமியார் ஜாதி இல்ல" என்றான் தனசேகரன். எல்லாரும் சிரித்தார்கள். பூவராகவனும் சிரித்தார். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவர் சிரிப்பதைத் தனசேகரன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

செல்லப்பன் பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு அதில் என்ன தெரிந்ததோ. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "துணியில பொய் சொல்லாதவரு பூச்சியில சொல்லப் போறீங்களா. சரி, எரியட்டும்" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த புதன்கிழமை நடவு.

லாந்தர் கண்ணாடியைப் பூவராகவன் மறந்துவிட்டார். ரத்தினம்மாள் மறக்கவில்லை. கண்ணெதிரே ஒன்று காய்ந்து போவது அவளுக்கு ஆகாது. கொட்டாங்குச்சிக்குத் தினமும் ஒரு கை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை அவர் கடைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. மொதல்ல உங்க துணியிலேர்ந்து பஞ்சு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

ஒரு நாற்றின் நுனியில், இலையோடு இலையாக, வெளிர்ப் பழுப்பில் ஒரு திட்டு இருந்தது. கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டினாற்போல. அதன் அடியிலிருந்து மயிரிழையை விட மெல்லிய நூல்கள் தொங்கின. ஒவ்வொரு நூலிலும் கறுப்புத் தலையோடு ஒரு புழு. பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் தூசி என்றுதான் தோன்றும். ஒன்று தண்டில் இறங்கி, இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது.

"இது திங்க வந்தது இல்ல. புள்ளத்தாச்சி. பெத்துட்டுப் போவ வந்திருக்குது" என்றாள் ரத்தினம்மாள்.

அவர் அட்டையை எடுத்து மஞ்சள் பொட்டின் வாலைப் பார்த்தார். அதே நிறம், அதே மயிர். முந்தானைக் குஞ்சம் என்று அவர் தினமும் ரசித்தது, முட்டையை மூடிவைக்க அது கூடவே கொண்டுவந்த போர்வை. மங்கலான பழுப்பையும் பார்த்தார். இறக்கையின் வெட்டு இரண்டுக்கும் ஒன்றேதான். ஆணும் பெண்ணும்.

அன்று கடையில் அவர் அளந்த துணி இரண்டு முறை பிசகிற்று. லாந்தர் கண்ணாடியைக் கழுவி வைத்துவிட்டால் போதும். கொட்டாங்குச்சியை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டால் போதும். ரத்தினம்மாள் யாரிடமும் பேசமாட்டாள். செல்லப்பன் ஒரு தடவை நம்பிவிட்டான், இனி கேட்கவும் மாட்டான். ராத்திரி முக்காலியில் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. வெள்ளை மல் மேல் மஞ்சள் பொட்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எண்ணுவதற்கு மனம் வரவில்லை. கடைசி பஸ் வந்து, நிற்காமல் போயிற்று. துணியில பொய் சொல்லாதவரு என்று செல்லப்பன் சொன்னது காதிலேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் வேலியைத் தாண்டி நாற்றங்காலில் இறங்கினார். வேலியோரத்தில் குனிந்த இடத்திலெல்லாம் நாற்று நுனியில் கம்பளித் திட்டு. நாலு அடி உள்ளே போனால் கொஞ்சம் குறைந்தது. கிணற்றுப் பக்கம் போகப் போகத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவன்கூட அந்த நாற்றைப் பார்த்துத் திசை சொல்லிவிடலாம்.

செல்லப்பன் ஏரை எடுத்துக்கொண்டு வந்தவன், சேற்றில் வேட்டி நனைய நிற்கிறவரைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னா செட்டியாரே, நாத்துல?"

அவர் ஒரு நாற்றைப் பிடுங்கி நீட்டினார். "நான் தப்பா சொல்லிட்டேன். மஞ்சள்தான். அது திங்கறதில்ல, முட்ட வெக்குது. புழு தண்டுக்குள்ள போவுது. என் கண்ணாலயே பார்த்தேன்."

செல்லப்பன் நாற்றை வாங்கவில்லை. "சந்தையில பத்துப் பேரு முன்னால என்னப் பாத்து சிரிச்சீங்க."

"ஆமா. அதே சந்தையில வந்து சொல்றேன்."

"யாருக்கு வேணும் அது? நாளைக்கு நடவு. ஆளு சொல்லியாச்சு." கொஞ்ச நேரம் நாற்றங்காலையே பார்த்தான். "நீங்க சொல்லாமப் போயிருந்தா எனக்கு எங்க தெரியப் போவுது" என்றான். அது கோபமா வேறு ஏதாவதா என்று பூவராகவனுக்குப் புரியவில்லை.

பிறகு செல்லப்பனே வழி சொன்னான். முட்டை நுனியில்தான் இருக்கிறது. நாற்றைப் பிடுங்கிச் சிறு கட்டுகளாக முடிகட்டின பிறகு ஒவ்வொரு முடியாக நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு நட்டால் பாதிக்குமேல் போய்விடும். புதன்கிழமை பூவராகவன் கடையைத் தனசேகரனிடம் விட்டுவிட்டு, துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலோடு வரப்பில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் நாற்றுமுடிகளைக் கொண்டுவந்து போட, அவர் நுனிகளை வெட்டிச் சாக்கில் தள்ளினார். கை பழக்கத்தில் எல்லா முடியும் ஒரே அளவாக, நூல் பிடித்தது போல நின்றன.

"செட்டியாரு நாத்துக்குக் கரை அடிக்கிறாரு. பாத்துங்க, முழத்துக்கு அரை வெரல் கொறையப் போவுது" என்றாள் செல்லப்பனின் மனைவி செல்லம்மாள். நடவுக்காரப் பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். சாக்கை மத்தியானம் வரப்போரத்தில் கொட்டி எரித்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்தது. அன்னிக்கே அணைக்கிறேன் என்ற வாக்கு ஏற்கெனவே ஒரு ராத்திரி தள்ளிப் போயிருந்தது. வீட்டுக்குள் சாமி விளக்கு ஏற்றியாயிற்று. பூவராகவன் வாசல் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பழக்கத்தில் கை போட்டுவிட்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரத்தினம்மாள் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"அந்த வாய்க்கால்லதான விழுந்தான்" என்றார் அவர்.

"ம்."

"விழுந்துட்டு சிரிச்சான்."

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்த வெளிச்சம் ஜன்னல் வழியா மொகத்துலதான் அடிக்குது. ரெண்டு வருஷமா ஒரு ராத்திரி தூங்கல நான்."

"சொல்லியிருக்கலாமே."

"அணைச்சிடுங்கன்னு என் வாயால எப்படி சொல்றது?"

சுவிட்சைத் தட்டினார். சுவரில் தொங்கின மல் துணி கொஞ்ச நேரத்துக்கு இருட்டிலும் வெளுப்பாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் படுத்தார்கள். ரத்தினம்மாள் தூங்கினாளா என்று அவர் கேட்கவில்லை. விடியும்போது அவள் இன்னும் படுத்திருந்தாள். அவரே போய்ப் பால் வாங்கிவந்தார். அந்த வாரத்திலேயே ஆள் வைத்து வாய்க்கால்மேல் ஒரு கருங்கல் பலகை போட்டார். சொன்னபடி சந்தையன்று கடைவாசலில் நின்று, தான் சொன்னது தப்பு என்றும் சொன்னார். தனசேகரன் அன்றைக்கு எதுவும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

செல்லப்பன் கழனியில் வெள்ளைக் கதிர் அந்த வருஷம் அடியோடு இல்லாமல் போகவில்லை. அங்கங்கே இருந்தது, அதையும் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுத்தான் போனான். ஆனால் வேலியோரமும் கிணற்றுப் பக்கமும் ஒன்றுபோல விளைந்தன. அதெல்லாம் தை மாதத்துப் பேச்சு. அதற்கு முன்னால் புரட்டாசி அமாவாசை வந்தது.

செட்டிகுளத்துப் படியில் வழக்கம்போல எள்ளும் தண்ணீரும் விட உட்கார்ந்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், அம்மா வழிப் பெயர்கள் எல்லாம் சொல்லி முடிந்தது. புரோகிதர், "வேற யாராவது?" என்று கேட்டார். போன வருஷமும் அவர் அங்கே கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பூவராகவன் அப்போது துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். இந்த வருஷம் எழுந்திருக்கவில்லை. படியில் நின்ற ரத்தினம்மாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயராமன்" என்றார்.

"என்ன உறவு?"

புரோகிதருக்குத் தெரியாததல்ல. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"மகன்."

புரோகிதர் அவர் கையில் இன்னும் கொஞ்சம் எள் போட்டார். பூவராகவன் கையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டார். எள் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒரு முறை தண்ணீர் விட்ட பிறகுதான் போயிற்று.